பீனியா பட்டறையில் ரெட்மைன்: அடுக்கு அடுக்காகப் பார்த்தால் சிக்கல் தெரியும்

கேட்டவர் பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கும் தம்பி. முதலாளியும் பட்டறையில் பாதிப் பேரும் தமிழர்கள். வேலைச் சீட்டுகளைத் தமிழிலேயே பதிந்து பின்தொடர ரெட்மைன் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். உபுண்டு 22.04 இருக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப்தான் சர்வர். "மூன்று நாளாக ஒரு எர்ரரைத் தீர்த்தால் அடுத்தது வருகிறது அண்ணா. பழைய மைஎஸ்க்யூஎல் பதிவேட்டில் இருந்த தமிழெல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறது. கரண்ட் போய் வந்தால் சில நாள் சர்வர் எழும்புகிறது, சில நாள் எழும்புவதில்லை. பேசாமல் டாக்கரில் போட்டுவிடட்டுமா?" என்கிறார்.

தம்பி, எர்ரர் மாறிக்கொண்டே வருகிறது என்றால் வேலை நகர்கிறது. ஒரே எர்ரர் மூன்று நாள் அப்படியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். ரெட்மைன் 2006 முதல் இருக்கும் மென்பொருள். ரூபி என்ற நிரல்மொழிக்கான ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தில் எழுதியது. அது ஓட வேண்டுமானால் கீழே உபுண்டு, அதன்மேல் ரூபி, அதன்மேல் ஜெம்கள் என்கிற ரூபி நூலகங்கள், பக்கத்தில் டேட்டாபேஸ், மேலே பூமா என்கிற ஆப் சர்வர், அதற்கும் மேலே என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வர் என்று அடுக்கு இருக்கிறது. நீங்கள் சொன்ன ஒவ்வொரு எர்ரரும் இரண்டு அடுக்குகள் ஒட்டும் இடத்தில் வருவது. எந்த ஒட்டு விட்டுப்போனது என்று கண்டுபிடிக்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளையை எல்லாம் அடித்துப் பார்த்தால், சரியாக இருந்த அடுக்கும் கெடும். கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே அடியுங்கள்.

டாக்கர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டும் கருவி அது. ரெட்மைனுக்கு நல்ல டாக்கர் இமேஜ் இருக்கிறது, தாராளமாகப் போடலாம். ரூபி, ஜெம் தலைவலிகள் அதோடு போய்விடும். ஆனால் தமிழ் கேள்விக்குறி ஆவதும், டேட்டாபேஸ் இணைப்பு மறுப்பதும், பேக்கப்பும் டாக்கருக்குள் போனாலும் உங்களோடுதான் வரும். கோப்புகளைப் பெட்டிக்கு வெளியே வைக்கும் வால்யூமைச் சரியாகக் கட்டாமல் கன்டெய்னரை நீக்கினால் இணைப்புக் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். ஒரு முறை கையால் நிறுவிப் பழகிவிட்டு அப்புறம் டாக்கருக்குப் போங்கள்.

உங்கள் முதல் எர்ரர், ரூபி 3.0.2 போதாது என்று, வேண்டிய ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைல் சொன்னது. உபுண்டு 22.04 தன்னோடு தருவது அந்த ரூபி. நீங்கள் இறக்கியது ரெட்மைன் 6.0, அதற்கு 3.1க்குக் குறையாத ரூபி வேண்டும். ஜெம்ஃபைலில் அந்த வரியைத் திருத்தி ஏமாற்றப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதை மீட்டுப் பழையபடி வையுங்கள். ரூபி 3.0க்கான ஆதரவே 2024 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அந்த டெஸ்க்டாப்பில் வேறு எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் உபுண்டு 24.04ஐப் புதிதாகப் போட்டுவிடுங்கள், அதிலேயே ரூபி 3.2 வருகிறது. ரூபி பதிப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎன்வி என்ற கருவியை வைத்து ரூபியைத் தனியாகக் கட்டலாம், நானும் பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. உங்கள் டெர்மினலில் ஓடும் ரூபி வேறு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானும், பின்னணி சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியும் கண்டுபிடிக்கும் ரூபி வேறு. ஆர்பிஎன்வி தன் பாதையை உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பில்தான் எழுதிவைக்கிறது, பின்னணியில் ஓடும் சர்வீஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. "கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடினால் பண்டில் இல்லை என்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சர்வீஸ் கோப்பில் முழுப் பாதையையும் எழுதினால் தீர்ந்தது.

அடுத்தது ஜெம்கள். ரெட்மைனில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அதன் ஜெம்ஃபைல், கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் டேட்டாபேஸ்.ஒய்எம்எல் கோப்பைத் திறந்து படித்துத்தான் எந்த டேட்டாபேஸ் ஜெம் வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதனால் அந்தக் கோப்பை எழுதிய பிறகுதான் ஜெம்களை ஏற்றும் பண்டில் இன்ஸ்டால் கட்டளை. முதலில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதி ஜெம்களை ஏற்றிவிட்டு, பிறகு போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்றினால் மறுபடியும் பண்டில் இன்ஸ்டால் அடிக்க வேண்டும். நீங்கள் அடிக்கவில்லை. "அடாப்டரை ஏற்ற முடியவில்லை" என்று வந்தது அதனால்தான்.

நேட்டிவ் எக்ஸ்டென்ஷன் (ஜெம்முக்குள் இருக்கும் சி மொழிப் பகுதி) கட்ட முடியவில்லை என்று ஒரு பக்கம் சிவப்பாக ஓடுகிறதே, அதில் கடைசி வரியைப் படிக்காதீர்கள். மேலே ஏற்றிப் போய், எந்தத் தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். போஸ்ட்கிரஸுக்கான பிஜி ஜெம்முக்கு அது லிப்பிக்யூ-எஃப்இ என்று தொடங்கும் கோப்பு. லிப்பிக்யூ-டெவ் பொதியை ஏற்றினால் வந்துவிடும். மைஎஸ்க்யூஎல்2 ஜெம் என்றால் அதன் கிளையன்ட் நூலகத்தின் டெவ் பொதி. கூடவே பில்ட்-எசென்ஷியலும் ரூபி-டெவ்வும் வேண்டும். பண்டில் கட்டளைக்கு முன்னால் சூடோ போடாதீர்கள். ஜெம்கள் ரூட்டுக்குச் சொந்தமாகி, அடுத்த நாள் உங்கள் யூசரால் எதையும் படிக்க முடியாமல் போகும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ரெட்மைன் 5.1 வைத்திருந்தால் அவர்களுக்காக ஒன்று. எந்த ஜெம்மின் எந்தப் பதிப்பு என்று நிலைநிறுத்தும் பூட்டுக் கோப்பை ரெட்மைன் தன்னோடு தருவதில்லை. அதனால் நீங்கள் நிறுவும் நாளில் எந்தப் பதிப்பு புதிதோ அதுதான் வந்து உட்காரும். 2025 ஜனவரியில் கன்கரன்ட்-ரூபி என்ற ஜெம்மின் 1.3.5 வெளிவந்தது. அது லாகர் நூலகத்தைத் தானே ஏற்றுவதை நிறுத்திவிட்டது. பழைய ரெயில்ஸ் அதை நம்பி இருந்ததால் 5.1ஐப் புதிதாக நிறுவியவர்கள் எல்லாம், லாகர் என்ற கான்ஸ்டன்ட்டைக் காணோம் என்று நின்றார்கள். முதல் நாள் ஓடிய அதே படிகள் மறுநாள் ஓடவில்லை. ஜெம்ஃபைல்.லோக்கல் என்று ஒரு கோப்பு வைத்து, அதில் கன்கரன்ட்-ரூபியை 1.3.4ல் நிறுத்துங்கள். ஒழுங்காக ஓடும் நிலை வந்ததும் ஜெம்ஃபைல்.லாக் என்ற அந்தப் பூட்டுக் கோப்பையும் பேக்கப்பில் எடுத்து வையுங்கள்.

இப்போது டேட்டாபேஸ். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் போஸ்ட்கிரஸ்தான் சொல்வேன். தமிழைப் பொறுத்தவரை அது கண்டிப்பானது. மாற்ற முடியாத எழுத்து வந்தால் எர்ரர் காட்டி நிறுத்தும், சத்தமில்லாமல் கேள்விக்குறி போட்டு விழுங்காது. யூசரை முதலில் உருவாக்கி, பிறகு டேட்டாபேஸை யூடிஎஃப்8 (எல்லா மொழி எழுத்தும் அடங்கும் குறிமுறை) என்று குறித்து அந்த யூசரையே ஓனராக வைத்து உருவாக்குங்கள். ஓனராக வைப்பது முக்கியம். போஸ்ட்கிரஸ் 15லிருந்து, டேபிள்கள் இயல்பாகப் போய் உட்காரும் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் டேபிள் உருவாக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். உபுண்டு 24.04ல் வருவது 16. ஓனராக இல்லாவிட்டால் டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளை முதல் டேபிளிலேயே "பப்ளிக் ஸ்கீமாவுக்கு அனுமதி இல்லை" என்று நின்றுவிடும். டெம்ப்ளேட்டின் என்கோடிங் பொருந்தவில்லை என்று வந்தால், உபுண்டு நிறுவும்போது மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருந்திருக்கிறது. டெம்ப்ளேட்0வைக் குறிப்பிட்டு உருவாக்குங்கள்.

நீங்கள் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட "பியர் ஆதென்டிகேஷன்" எர்ரருக்கு வருகிறேன். பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருக்கிறது, நான்கு முறை மாற்றியும் வரவில்லை என்றீர்கள். போஸ்ட்கிரஸ் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை தம்பி. ஹோஸ்ட் எழுதாமல் விட்டால் இணைப்பு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். அங்கே அது, லினக்ஸில் உள்ளே வந்திருக்கும் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கும். டேட்டாபேஸ்.ஒய்எம்எல்லில் ஹோஸ்ட் என்று லோக்கல்ஹோஸ்டை எழுதுங்கள், பாஸ்வேர்ட் கேட்கும் வழிக்கு மாறிவிடும். யார் எப்படி உள்ளே வரலாம் என்று போஸ்ட்கிரஸ் பார்க்கும் பிஜி_எச்பிஏ கோப்பில் 'ட்ரஸ்ட்' என்று மாற்றச் சொல்லி யாரோ எழுதியதைச் செய்திருந்தால் உடனே மீட்டுவிடுங்கள். அந்தக் கணினியில் இருக்கும் எவரும் பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகும் வழி அது.

பாஸ்வேர்டை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள். அல்சூரில் என் பக்கத்து வீட்டுப் பையன் சோதனைக்காகத் தன் ஊர் கோயம்புத்தூரின் எஸ்டிடி குறியீடு 0422ஐ மேற்கோள் இல்லாமல் வைத்திருந்தான். எவ்வளவு பார்த்தாலும் எழுத்துப் பிழை இல்லை, ஆனால் பாஸ்வேர்ட் தவறு என்று வந்துகொண்டே இருந்தது. சைபரில் தொடங்கும் எண்ணை ஒய்எம்எல் எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். 0422 அதற்கு 274. அவன் அனுப்பியதாக நினைத்தது ஒன்று, போனது வேறு. அந்தக் கோப்பில் டேப் விசையும் ஆகாது, இடைவெளிதான். எழுதியபின் ரெட்மைனை ஓட்டும் முன், போஸ்ட்கிரஸின் பிஎஸ்க்யூஎல் கட்டளையில் அதே ஹோஸ்ட், அதே யூசர், அதே பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போக முடிகிறதா பாருங்கள். போக முடிந்தால் டேட்டாபேஸ் அடுக்கு முடிந்தது, இனி அதைத் தொடாதீர்கள்.

சரி, கேள்விக்குறி. உங்கள் கேள்வியில் எனக்கு மனசு பதறியது இதற்குத்தான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் மாற்றியபோது வாடிக்கையாளர்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகின. புதுப் பதிவுகள் நன்றாகத் தெரிந்ததால் இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது பழைய டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெயர்கள் திரும்ப வரவே இல்லை. அதனால் பழைய பதிவேடு இருந்த கணினியின் ஹார்ட் டிஸ்க்கை இப்போதே கழற்றித் தனியாக வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இப்போது 'தமிழ்' என்ற சொல் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள். யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். திரையில் சரியாக 5 கேள்விக்குறி தெரிந்தால், ஒவ்வொரு குறியையும் லத்தீன்1 என்ற குறைந்த எழுத்துத் தொகுப்புக்கு மாற்றப் பார்த்து, இடமில்லாமல் கேள்விக்குறி போட்டிருக்கிறது. அது டேபிளுக்குள்ளேயே நடந்திருந்தால் தகவல் போனது போனதுதான். ஆனால் அது ஏற்றுமதி செய்த கோப்பில் மட்டும் நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்போது பழைய டிஸ்க்கில் தமிழ் பத்திரமாக இருக்கும். கேள்விக்குறிக்குப் பதில் கிட்டத்தட்ட 15 விசித்திர எழுத்துகள் தெரிந்து, அவற்றில் தலையில் கோடு வைத்த ஆங்கில 'ஏ'யும், வணிகச் சின்னங்களுக்குப் பக்கத்தில் போடும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் சந்தோஷப்படுங்கள். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, பெயர்ப்பலகை மட்டும்தான் தவறு.

பழைய மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பான எழுத்துத் தொகுப்பு லத்தீன்1தான், 8.0ல்தான் யூடிஎஃப்8எம்பி4 ஆனது. உங்கள் பழைய பதிவேடு எந்தக் கணக்கில் உருவானது என்று டேபிளின் வரையறையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். டேபிள் லத்தீன்1 என்று சொல்லிக்கொண்டு உள்ளே யூடிஎஃப்-8 பைட்டுகளை வைத்திருந்தால், டேட்டாபேஸைக் கோப்பாக எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை லத்தீன்1 எழுத்துத் தொகுப்போடு, எழுத்துத் தொகுப்பு வரியைச் சேர்க்காதே என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். அப்போது எந்த மாற்றமும் செய்யாமல் பைட்டுகளை அப்படியே கொட்டும். அந்தக் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் யூடிஎஃப்-8 என்று திறந்தால் தமிழ் தெரிய வேண்டும். தெரிந்தால், டேபிள் வரையறைகளில் லத்தீன்1ஐ யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, இணைப்பையும் யூடிஎஃப்8எம்பி4 என்றே வைத்துப் புதிய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஏற்றுங்கள். கோப்பிலேயே தமிழ் தெரியாவிட்டால் ஏற்றாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லிலேயே தொடர்வதானால் வெறும் 'யூடிஎஃப்8' வேண்டாம். அது ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் எடுக்கும். தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் பட்டறையில் யாராவது வேலைச் சீட்டில் ஒரு இமோஜி போட்டால் 4 பைட் ஆகி எர்ரர் வரும்.

இதற்குப் பிறகு வருவதெல்லாம் சுலபம். ரகசிய டோக்கனை உருவாக்கி, ப்ரொடக்ஷன் சூழலில் டிபி மைக்ரேட், அதன்பின் இயல்பான தரவுகளை ஏற்றும் கட்டளை. கடைசியதை விட்டுவிட்டால் ட்ராக்கர் (சீட்டு வகை) ஒன்றுமே இருக்காது, புதுச் சீட்டுப் போட முடியாது. ஃபைல்ஸ், லாக், டிஎம்பி, பப்ளிக்குக்குள் அசெட்ஸ் ஆகிய ஃபோல்டர்களை ரெட்மைனை ஓட்டும் யூசருக்குச் சொந்தமாக்குங்கள். எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போட வேண்டாம். முதல் லாகின் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போனதும் மாற்றச் சொல்லும்.

கரண்ட் விஷயம். சித்திரை, வைகாசியில் பெங்களூரில் மாலை மழைக்கு மரம் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் பழக்கம். "சில நாள் எழும்பும், சில நாள் எழும்பாது" என்றதில்தான் விடை இருக்கிறது. நீங்கள் ரெயில்ஸ் சர்வரைக் க்ரானில் ரீபூட் ஆனதும் ஓடச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். ரெயில்ஸ் ஓடத் தொடங்கும்போது டிஎம்பி ஃபோல்டருக்குள் பிட்ஸ் என்ற இடத்தில் சர்வர்.பிட் கோப்பில் தன் புராசஸ் எண்ணை எழுதிவைக்கும், ஒழுங்காக நின்றால் அழிக்கும். கரண்ட் போனால் அழிக்க நேரமில்லை. மறுபடி எழும்பும்போது அந்த எண்ணில் ஏதாவது புராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லை என்றால் பழைய கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடும். தற்செயலாக வேறு ஏதோ ஒரு புராசஸுக்கு அதே எண் கிடைத்திருந்தால் "சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது" என்று நின்றுவிடும். இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். போஸ்ட்கிரஸ் திடீரென நின்றபின் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் 'வால்' (WAL) பதிவுகளைப் படித்துத் தன்னைச் சீர் செய்துகொள்ளச் சில நொடிகள் எடுக்கும், அதற்குள் ரெட்மைன் முந்திக்கொண்டு இணைப்புக் கேட்டால் மறுக்கப்படும்.

இரண்டுக்கும் மருந்து சிஸ்டம்டி. ஜெம்ஃபைல்.லோக்கலில் பூமாவைச் சேர்த்து, பூமாவையே நேரடியாக ஓட்டும் ஒரு சர்வீஸ் கோப்பு எழுதுங்கள். அப்போது அந்த பிட் கோப்பே தேவையில்லை. போஸ்ட்கிரஸ் சர்வீஸுக்குப் பின் தொடங்கு என்றும், தோல்வியடைந்தால் 5 நொடி விட்டு மறுபடி தொடங்கு என்றும் அதில் எழுதுங்கள். க்ரான் வரியை நீக்கிவிடுங்கள், இரண்டும் இருந்தால் 3000 போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸின் சொந்த பிட் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையால் அழிக்காதீர்கள். முதலாளியிடம் பேசி ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். அவர் மறுத்தால் வாடகை சர்வர் எடுக்கலாம், டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலேயே டேட்டா சென்டர் இருக்கிறது. 1 ஜிபி மெமரி உள்ளதை எடுத்தால் ஜெம் கட்டும்போது 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கக்கூடும். டிஸ்க்கில் 2 ஜிபி ஸ்வாப் (மெமரி போதாதபோது கைகொடுக்கும் இடம்) போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

என்ஜின்எக்ஸ் போட்டபின் மூன்று எண்கள் வரலாம். 502 என்றால் பூமா ஓடவில்லை, அல்லது அதன் சாக்கெட்டைத் தொட என்ஜின்எக்ஸுக்கு அனுமதி இல்லை. 413 என்றால் வரைபடக் கோப்பு பெரியது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிதான் அனுமதிக்கும், ரெட்மைனின் இயல்பு வரம்பு 5 எம்பி. டூல் ரூம் வரைபடங்களுக்கு இரண்டையும் உயர்த்த வேண்டியிருக்கும். லாகின் செய்தால் 422 வந்தால், வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே எச்டிடிபி என்று இருந்து, எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ தலைப்பை என்ஜின்எக்ஸ் அனுப்பவில்லை. ப்ரொடக்ஷன் லாகில் ஒரிஜின் பொருந்தவில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கும். ரெட்மைனில் 500 வந்தாலும் திரையைப் பார்த்துப் பயனில்லை, அந்த லாகைத்தான் திறக்க வேண்டும்.

நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிந்தால் அது பிழை இல்லை, டேட்டாபேஸில் யூடிசியில்தான் சேமிக்கும். ஒவ்வொருவர் கணக்கிலும் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பெங்களூர் இருக்காது. சென்னை இருக்கிறது, கொல்கத்தாவும் மும்பையும் புதுடெல்லியும் இருக்கின்றன. நான்கும் ஒன்றுதான்.

பேக்கப்பில் நான்கு வேண்டும்: பிஜிடம்ப் எடுத்த டேட்டாபேஸ், ஃபைல்ஸ் ஃபோல்டர், கான்ஃபிக் ஃபோல்டர், ஜெம்ஃபைல்.லாக். டேட்டாபேஸை மட்டும் எடுத்தால் சீட்டுகள் வரும், அவற்றோடு இணைத்த வரைபடங்கள் வராது. தினமும் இரவு எடுத்து வேறொரு டிஸ்க்குக்குப் போகட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பழைய லேப்டாப்பில் அந்தப் பேக்கப்பை ஏற்றி, தமிழில் எழுதிய ஒரு பழைய வேலைச் சீட்டைத் திறந்து வாசித்து, அதில் இணைத்த வரைபடம் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கை அந்தச் சோதனை இரண்டு முறை சரியாக வந்தபிறகு முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கலாம்.